காலி நாற்காலிக்கு எழுந்து நின்றது

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் ஒரு வீட்டின் முன்னறை. இரண்டு பிரம்பு நாற்காலிகள் எதிரெதிராகப் போட்டிருந்தன. ஒன்றில் நான் உட்கார்ந்திருந்தேன். மற்றதில் யாரும் இல்லை. "அதுல உங்க அப்பா உக்காந்திருக்கறதா நெனைச்சுக்கோங்கோ. அவர்கிட்ட சொல்ல வேண்டியதைச் சொல்லுங்கோ" என்றார் டாக்டரம்மா. அவர் சொல்லி வாய் மூடவில்லை, நான் எழுந்து நின்றுவிட்டேன். தோளில் கிடந்த துண்டு தானாகக் கக்கத்துக்குப் போய்விட்டது. அப்பா இறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அவர் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவர் சொன்னால் நான் எப்படி உட்கார்ந்திருப்பேன்?

டாக்டரம்மா என்னைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை, தன் தலையில் தானே குட்டிக்கொள்கிற மாதிரிச் சிரிப்பு. "நான் படிச்ச தேசத்துல இந்தக் காலி நாற்காலியப் பாத்துக் கத்துவா, அழுவா. ஒருத்தன் எட்டி உதைச்சே தள்ளினான். எழுந்து நின்னவா யாரும் இல்லை. நின்னா என்ன பண்றதுன்னு எனக்கு அங்கே சொல்லித் தரலையே!" என்றார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு டாக்டர், மண்டியில் வேலை பார்க்கிறவன் முன்னால் தனக்குத் தெரியாது என்று சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். அவர்மேல் எனக்கு மரியாதை பிறந்தது அந்தச் சிரிப்பில்தான்.

பிள்ளைகளே, இதை நீங்கள் என்னிடம் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அறுபதுகளின் நடுவில் நான் திருச்சியில் ஒரு வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறுகிறவனாக இருந்தேன். தொட்டியம் பக்கத்திலிருந்து பூவனும் ரஸ்தாளியும் தார் தாராக மாட்டுவண்டியில் வந்து இறங்கும். ஒரு தாரைத் தூக்கிக் காட்டி நான் விலை கூவினால் தெருக்கோடி வரை கேட்கும். "இவன் கூவினா மலைக்கோட்டை உச்சியில நிக்கிறவன்கூட விலை கேப்பான்" என்று முதலாளி பெருமை பேசுவார். உங்கள் தாத்தாவும் தொட்டியத்தில் வாழை வைத்திருந்தவர்தான். வாரா வாரம் தன் வண்டியோடு வருவார். மண்டியின் மூலையில் வாழைச் சருகு குவிந்து கிடக்கும். அதன்மேல் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நான் கூறுவதையே பார்த்துக்கொண்டிருப்பார். நல்லாயிருக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. தார் விற்று முடிந்ததும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து, "வரேன்டா" என்று போய்விடுவார்.

ஒரு கார்த்திகையில் வண்டி வந்தது, அப்பா வரவில்லை. வண்டிக்காரரைக் கேட்டேன். "வயல்ல வேலை" என்றார். அடுத்த வாரமும் வயலில் வேலை. மார்கழி பிறந்து மண்டியில் நல்ல வியாபாரம். அப்பாவின் பூவன் தாரைத் தூக்கி, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது என் சித்தப்பா மகன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தான். அப்பா அன்று காலையில் போய்விட்டார். ஒரு மாதமாகப் படுக்கையாம். "மண்டி மும்முரமா இருக்கிற நேரம், அவன்கிட்ட யாரும் மூச்சு விடக்கூடாது" என்று வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். வண்டிக்காரரிடமும்தான்.

ஊரே அவரைப் புகழ்ந்தது. "உனக்குத் தொந்தரவு தரக்கூடாதுன்னே போய்ச் சேந்தாருப்பா, எப்பேர்ப்பட்ட மனுஷன்!" என்றார்கள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். காரியங்கள் முடிந்து மண்டிக்குத் திரும்பி, ஒரு தாரைத் தூக்கி வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சத்தம் வரவில்லை. தொண்டையில் கொட்டைப்பாக்கு ஒன்று சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. கஷாயம், வசம்பு, மிளகு, எதற்கும் அது அசையவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை டாக்டர் கண்ணாடியை விட்டுப் பார்த்துவிட்டு, "தொண்டை சுத்தமா இருக்குப்பா, ஒண்ணுமே இல்ல" என்றார். அவர்தான் ஸ்ரீரங்கத்து டாக்டரம்மாவிடம் அனுப்பினார்.

உங்கள் அம்மாவுக்குப் பயம். "மனசு டாக்டர்கிட்ட போறீங்கன்னு தெரிஞ்சா பைத்தியம்னு பட்டம் கட்டிடுவாங்க" என்றாள். மூத்தவள் அப்போது அவள் வயிற்றில். முதலாளியும் மனசாட்சியுள்ளவர்தான், ஆனால் குரல் இல்லாதவனை வைத்து ஏலம் எப்படி நடத்துவார்? "துறையூர்லேருந்து ஒருத்தன் வரேங்கறான். ஆடி வரைக்கும் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அதனால் மண்டியில் பெருமாளைச் சேவிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வாரம் ஒருமுறை பஸ் ஏறினேன். "படுத்திருக்கிற ரங்கநாதரை இவன் போய்ப் போய் எழுப்பிடப் போறான்" என்றார் ஒரு வியாபாரி. "எழுப்பறதுக்குத்தான் குரல் இல்லையே, பெருமாள் தப்பிச்சாரு" என்றார் இன்னொருவர். நானும் அவர்களோடு சேர்ந்து, சத்தமில்லாமல் சிரித்தேன்.

டாக்டரம்மாவின் வைத்தியத்தில் மருந்து கிடையாது. அதற்கு கெஸ்டால்ட் என்று பேராம். ஜெர்மன்காரர்களின் சொல், ஒன்றைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல் முழு உருவமாகப் பார்ப்பது என்று விளக்கினார். எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவர் செய்தது விளங்கியது. ஏன் இப்படி ஆச்சு என்று அவர் கேட்கவே மாட்டார். "இப்போ, இந்த நிமிஷம், உடம்புல என்ன நடக்கறது?" என்றுதான் கேட்பார். நான் போன மாதத்துக் கதைக்கு ஓடினால், "அது அங்கே. இங்கே என்ன?" என்று திருப்பிக் கூட்டி வருவார். "தொண்டை அடைக்குதுங்க" என்பேன், வெறும் மூச்சுக்காற்றில். "அடைக்கறது யாரு?" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். நோய்க்கு வைத்தியம் கேட்டு வந்தவனையே குற்றவாளி ஆக்குகிறாரே என்று நினைப்பேன். அவர் குற்றம் சொல்லவில்லை. நானே அடைக்கிறேன் என்று தெரிந்தால்தானே நானே திறக்க முடியும்? அது புரிய எனக்கு நாளாயிற்று.

நாற்காலிக்கு எழுந்து நின்ற அன்று, அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. "நின்னுண்டே இருங்கோ. உங்க கை என்ன பண்றது, பாருங்கோ" என்றார். குனிந்து பார்த்தேன். கக்கத்துத் துண்டின் நுனியை என் வலது கை முறுக்கிக்கொண்டிருந்தது. எனக்கே தெரியாது. "நிறுத்தாதீங்கோ. அதையே இன்னும் பலமா பண்ணுங்கோ" என்றார். முறுக்கினேன். இரண்டு கையாலும், ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்கினேன். "அந்தக் கைக்கு வாய் இருந்தா என்ன சொல்லும்?" என்றார். என்ன சொல்லும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. "செத்தவர்மேல கோபப்படுவாங்களா அம்மா? எனக்காகவே வாயை மூடிக்கிட்டுப் போனவர் அவர்" என்று மூச்சுக்காற்றில் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். இனி வருவதில்லை என்று முடிவு.

அடுத்த வாரம் நான் போகவில்லை. அவர் வந்துவிட்டார், மண்டிக்கு. வாழைக்கறை படிந்து வழுக்குகிற தரையில் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மாவுக்கு எத்தனை வண்டி தார் வேணும்?" என்று வியாபாரிகள் கிண்டல் செய்தார்கள். "ஒரு சீப்புதான். ஆனா ஏலத்துலதான் எடுப்பேன்" என்றார். மண்டியே சிரித்தது. யார், எதற்கு வந்தார் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பதிலாக வேறொருவர் ஏலம் கூறுவதை முழுக்க நின்று பார்த்தார். அப்புறம் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "இத்தனை தார் குவிஞ்சிருக்கு. ஒண்ணைத் தூக்கினா மத்ததெல்லாம் கண்ணுக்குப் பின்னாடி போயிடறது. அதை வித்து முடிச்சாத்தான் அடுத்ததைத் தூக்க முடியும், இல்லையா?" ஆமாம் என்றேன். "விக்காத தாரைக் கையிலேயே வெச்சிண்டு நின்னா?" என்றார். "கைதான் வலிக்கும்" என்று அவரே சொன்னார். போகும்போது, "உங்க அப்பா எங்கே உக்காருவார்?" என்றார். மூலையைக் காட்டினேன். "அப்போ நாற்காலி போட்டது என் தப்பு" என்றார்.

மறுவாரம் போனேன். காலி நாற்காலி இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு கோணிச்சாக்கும் அதன்மேல் வாழைச் சருகும். அவரே மண்டியிலிருந்து அள்ளிக்கொண்டு போயிருக்கிறார். சருகின் வாசனை என் மூக்கில் ஏறியது. நான் எழுந்து நின்றேன், துண்டைக் கக்கத்தில் வைத்தேன். அவர் தடுக்கவில்லை. "மரியாதையா நின்னுண்டே கோபப்படலாம். ரெண்டும் உங்களோடதுதான்" என்றார்.

என்ன சொன்னேன் என்று வரிசையாக நினைவில்லை. முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் கரகரப்பு. அப்புறம், "ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதாப்பா! நீங்க அங்க கிடக்கறீங்க, நான் இங்க உங்க தாரையே தூக்கிக்கிட்டு விலை கூவறேன்! என்னை யாருன்னு நினைச்சீங்க?" என்று கத்தினேன். கத்தினேன் என்றால் கத்தினேன். டாக்டரம்மாவின் அத்தை அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து, "என்னடி, யாரு யாரை அடிக்கறா?" என்று கேட்டார். ஜன்னலில் கீரைக்காரம்மா தலையை நீட்டினார். டாக்டரம்மா அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இப்போ அங்க போய் உக்காருங்கோ. அப்பாவா பதில் சொல்லுங்கோ" என்றார். நாற்காலியாக இருந்தால் செத்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். சருகில் எப்படியோ உட்கார்ந்துவிட்டேன், அவர் உட்கார்கிற மாதிரியே குத்துக்காலிட்டு. எதிரே நான் நின்ற இடம் தெரிந்தது. அங்கே என்னைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "சொன்னா நீ எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவேடா. நான் கிடக்கிற கிடையை நீ பாக்க வேண்டாம்னு இருந்தேன். நீ கூவறப்பதான் உன்னைப் பாக்க எனக்குப் பிடிக்கும்" என்று என் வாயிலிருந்து வந்தது. வந்ததும் அழுதேன். அப்பா உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தாரா என்று பிறகு கேட்டேன். "எனக்கென்ன தெரியும்? சொன்னது நீங்கதானே" என்றார் டாக்டரம்மா. பொய்யாக ஓர் ஆறுதல்கூடச் சொல்லமாட்டார்.

அன்றே எல்லாம் சரியாகிவிடவில்லை. இன்னும் பல வாரம் பஸ் ஏறினேன். ஆடிக்கு முன்னால் ஒரு காலையில் தாரைத் தூக்கினேன். குரல் உடைந்துதான் வந்தது. "என்னய்யா, மண்டியில தவளை புகுந்திருச்சா?" என்றார் பழைய வியாபாரி. "தவளைதான், விலையைக் கேளுங்க" என்றேன். மூன்று தரமும் சொல்லி முடித்தேன். துறையூர்க்காரர் வரத் தேவையில்லாமல் போயிற்று. டாக்டரம்மா சில வருஷத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் செய்த வைத்தியத்துக்கு எல்லா டாக்டர்களும் தலையாட்டுவார்களா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, மண்டிச் சருகை அள்ளிக்கொண்டு போன அந்தக் கைகள்தான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போன வாரம் ஆஸ்பத்திரியில் என் வயிற்றைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். ஒரு கட்டி இருக்கிறது. அறுத்து எடுத்துப் பார்த்தால்தான் நல்லதா கெட்டதா என்று தெரியுமாம். "சின்னவனுக்குப் பரீட்சை முடியட்டும், மூத்தவளுக்கு இது பேறுகால மாசம், அப்புறம் சொல்லிக்கலாம்" என்றாள் உங்கள் அம்மா. என்மேலும் உங்கள்மேலும் உள்ள பிரியத்தில்தான் சொன்னாள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. பரீட்சை நேரத்தில் இதைச் சொல்கிறேனே என்று உங்களுக்குக் கோபம் வந்தால், வந்து என் எதிரில் உட்கார்ந்து கோபப்படுங்கள். யாரும் எழுந்து நிற்க வேண்டாம்.