தண்ணீர் இறங்காத மெஷின்

அந்த மெஷினை வாங்கியது மாமியாருக்காகத்தான். இடுப்பெலும்பு முறிந்து அவர் படுக்கையில் விழுந்த பிறகு தினம் மூன்று விரிப்பாவது நனையும். மழைக்காலத்தில் ஆம்பூரில் எங்கள் வாடகை வீட்டில் துணி உலர்த்த இடமில்லை. துவைத்து, தானே காயவைத்தும் கொடுக்கும் மெஷின் வேண்டுமென்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அதனால் அது நின்றுபோனபோது குற்றமும் என்னுடையதானது.

உள்ளே தண்ணீர் தேங்கியபடி பாதியில் நின்று கீச்சிட்டது.

"இப்பிடித் திணிச்சா இன்னா ஆவும்?" என்றார் கணவர்.

மெக்கானிக் வந்தார். ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. "போர்டு போய்டுச்சும்மா. ஆர்டர் போட்டாதான் வரும்" என்றார். மூன்று வாரம் கழித்து வந்த புதுப் போர்டை மாட்டியும் மெஷின் அதே இடத்தில் நின்றது. "லோடு ஜாஸ்தி போடுறீங்க" என்று அவரும் சொல்ல, கணவர் தலையாட்டினார். அன்றிரவே தன் தம்பிக்கு போன் போட்டு, நான் மெஷினைக் கெடுத்த கதையைச் சொன்னார்.

கையால் துவைத்தேன். போர் தண்ணீரின் உப்பில் சோப்பு நுரைக்காது. விரல் இடுக்குகள் வெடித்து எரிந்தன. குளியலறையில் நான் துணி அடிக்கும் சத்தம் மாமியாரின் கட்டில்வரை கேட்கும்.

ஒரு நாள் அவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரில் கிருமி என்றார் டாக்டர். "இவங்க தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று என்னைக் கேட்டார்.

கணவர் மருந்து வாங்கப் போனதும் மாமியார் மெல்லச் சொன்னார்: "நனைஞ்சா நீதானம்மா கசக்கணும்."

மறுநாள் நாத்தனாரைத் துணைக்கு வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போனில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டே மெஷினின் அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்தேன். நாற்றமெடுத்த தண்ணீர் கொட்டியது. ஃபில்டரில் நூல் சிக்கு. அதற்குப் பின்னால் ஒரு கைப்பிடி ஐலெட், ஷூவில் லேஸ் கோர்க்கும் உலோக வளையங்கள். கணவர் ஷூ ஃபேக்டரியில் சூப்பர்வைசர். அவருடைய பேண்ட் பாக்கெட்டில் கிடந்தவைதான் அத்தனையும். தண்ணீரை வெளியே தள்ளும் பம்பின் இறக்கைகள் உடைந்திருந்தன.

பம்பைக் கழற்றிப் பையில் போட்டேன். கதவோரம் ஒட்டியிருந்த மாடல் நம்பரைப் படமெடுத்துக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறினேன். முதல் கடைக்காரர் பம்பைப் பார்க்கவே இல்லை. "வீட்ல ஆம்பளைங்க இருந்தா வரச் சொல்லும்மா" என்றார்.

இரண்டாவது கடையில் இருந்த பாய் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"பழசையே கொண்டாந்தீங்க, நல்லதாப் போச்சு. இதுக்கா போர்டை மாத்துனான்? சும்மா உங்களைப் பேஜார் பண்ணிக்கிறான்."

திருகு ஓட்டைகளையும் ஒயர் சொருகும் இடத்தையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மூன்றாவதாக எடுத்த பம்பு பொருந்தியது.

அன்று மாலையே மாட்டினேன். துவைத்த தண்ணீர் கடகடவென்று இறங்கியது. விரிப்புகள் சூடாக, காய்ந்து வெளியே வந்தன. வேலை முடிந்து வந்த கணவர் முன் ஐலெட்டுகளை ஒரு தட்டில் வைத்தேன். பார்த்தார்.

"அதான் சரியாய்டுச்சே, வுடு" என்றார். சற்று நேரத்தில் தம்பியிடம் போனில் பேசுவது கேட்டது. "பம்புதான்டா போச்சு. நாங்களே மாத்திட்டோம்."

மாமியார் வீடு திரும்பியதும் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மெஷின் ஓடுது அத்தை. நல்லா குடிங்க."

உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"மறுபடி நின்னுட்டா?" என்றார்.

நிற்காது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. இப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, அதட்டித்தான் குடிக்கவைக்கிறேன்.