பத்துப் பேர் எழுந்திருக்கும் வரை

ஹோட்டல் தாழ்வாரத்தில் யாரோ யார் கதவையோ தட்டுகிறார்கள். விரல் முட்டியால் தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி தட்டு. அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண்ணாக இருக்கும். எனக்கோ படுத்தபடியே கால் வலிக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு கோடை முழுக்க, விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், மோட்டல் மோட்டலாகக் கதவு கதவாக நடந்த கால் இது. அதற்கு நினைவு அதிகம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். பார்சிப்பனியில் வீடு, பக்கத்து ஊர் மருத்துவமனையில் நர்ஸ் வேலை. கூட வேலை பார்த்த யூதப் பெண்மணி ஒருத்தி கேட்டாள்: பிள்ளைகள் பஸ்ஸில் நாடு சுற்றப் போகிறார்கள், கூடப் போக ஒரு நர்ஸ் தேவை, வருகிறாயா? பல மாநிலத்து யூதப் பிள்ளைகள், பதினைந்து பதினாறு வயதுக்காரர்கள். சனிக்கிழமையானால் ஓய்வுநாள் என்று விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொடாத வீட்டுப் பிள்ளைகள், வருஷத்துக்கு ஒரு தரம் கோயில் வாசலை மிதிக்கிற வீட்டுப் பிள்ளைகள், ரஷ்யாவிலிருந்து குடியேறி இன்னும் ஆங்கிலத்தில் தடுக்கி விழுகிறவர்கள், எல்லாரும் ஒரே பஸ்ஸில். பழகட்டும், ஒருவரையொருவர் தெரிந்துகொள்ளட்டும் என்று பெரியவர்கள் செய்த ஏற்பாடு. நியூஜெர்சியில் கிளம்பி, தெற்கே இறங்கி, டெக்சாஸைக் குறுக்கே அறுத்து, கலிபோர்னியாவில் முடியும் பாதை.

நான் சரி என்றேன். எங்காவது போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்ற அரிப்பு அப்போது எனக்கு. போன பிறகுதான் தெரிந்தது, பஸ் போய்க்கொண்டே இருக்கும், நாம் ஒரே சீட்டில் வியர்த்துக்கொண்டு இருப்போம் என்று.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணுவது என் பொறுப்பு. முதல் நாளே ஒரு பையன் தடுத்தான். நியூஜெர்சிக்காரன், சிறு தொப்பி, சட்டைக்குக் கீழே தொங்கும் வெள்ளை நூல்கள். சனிக்கிழமை ஸ்விட்ச் தொடாத கட்சி.

"நம்பர் போட்டு எண்ணாதீங்க நர்ஸ். கண்ணு பட்டுடும். 'ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல'ன்னு எண்ணுங்க."

அவன் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான். என் காதில் தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

"எங்க ஊர்ல நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். லாபம்னு சொல்லுவோம்."

அவனுக்குப் பரம சந்தோஷம். அன்றிலிருந்து பஸ்ஸில் முதலில் ஏறுகிற பிள்ளையைப் பார்த்து "லாபம்!" என்று கத்துவான். அவன் வாயில் அது லாப்பாம் ஆகிவிடும். பின்சீட்டுப் பிள்ளைகள் அவனை 'சாமியார்' என்ற பொருளில் ஏதோ சொல்லிக் கிண்டல் செய்வார்கள். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான்.

அந்தப் பின்சீட்டில் டெக்சாஸ் பெண் ஒருத்தி இருந்தாள். ஜீன்ஸ், பெரிய பெல்ட், பெரிய சிரிப்பு. அந்த வசந்தத்தில்தான் அவளுடைய அப்பா இறந்திருந்தார். ஒரே பிள்ளை. அப்பாவுக்காகப் பிள்ளை சொல்ல வேண்டிய பிரார்த்தனை ஒன்று உண்டு, ஏறக்குறைய ஒரு வருஷம், தினமும். நான் சொல்வேன் என்று அவரிடமே ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறாள். ஆனால் தனியாகச் சொன்னால் செல்லாது. சொல்கிறவரையும் சேர்த்து யூதர்கள் பத்துப் பேர் நிற்க வேண்டும். அவள் சொல்லச் சொல்ல அவர்கள் ஆமென் சொல்ல வேண்டும்.

"இதுல சாவுங்கற வார்த்தையே கிடையாது நர்ஸ், தெரியுமா? முழுக்கக் கடவுளைப் புகழறதுதான்," என்றாள் ஒரு நாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "நான் பாதி நாள் கோவத்துலதான் சொல்றேன்."

சங்கடம் இங்கேதான். தொப்பிப் பையன்கள் ஒரு நாள் தவறாமல் விடியலில் பிரார்த்தனைக்கு எழுவார்கள். கையிலும் நெற்றியிலும் கறுப்புத் தோல்வாரைக் கட்டிக்கொண்டு, மோட்டல் கார் நிறுத்துமிடத்தின் ஓரம் கிழக்குப் பார்த்து நிற்பார்கள். பத்துப் பேருக்குக் குறைய மாட்டார்கள். ஆனால் அவர்கள் கணக்கில் ஆண்கள் மட்டும்தான் பத்து. பெண் குரலெடுத்துச் சொல்ல அங்கே இடமில்லை. வருஷத்துக்கு ஒரு தரம் கோயில் போகிற பின்சீட்டுக் கட்சிக்கு அந்தத் தடை கிடையாது. பெண்ணும் பத்தில் ஒருத்திதான், தாராளமாகச் சொல்லட்டும், நாங்கள் நிற்கிறோம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்கள்.

ஒப்புக்கொள்கிறவர்கள் எழுவதில்லை. எழுகிறவர்கள் ஒப்புக்கொள்வதில்லை. நடுவில் அந்தப் பெண், ஈரத் தலையோடு, ஐஸ் மெஷின் பக்கத்தில் காத்துக்கொண்டு.

பொறுப்பாளன் ஒருவன் இருந்தான், கல்லூரி முடித்த கையோடு வந்தவன். எதைக் கேட்டாலும், "எல்லாருக்கும் அவங்கவங்க வழி. யாரையும் ஃபோர்ஸ் பண்ண முடியாது" என்பான். அதனால் கதவு தட்டுகிற வேலை என்னிடம் வந்தது. யாரும் கொடுக்கவில்லை. வந்தது.

"எழுந்திருடா கண்ணா, அவ வெயிட் பண்றா." உள்ளே இருந்து முனகல். "ஃபைவ் மினிட்ஸ் நர்ஸ்." அடுத்த கதவு. "யாரு செத்துட்டாங்க?" என்று ஒருவன் தூக்கத்தில் உளறினான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். சில நாள் பத்து சேர்ந்தது. பல நாள் ஏழில், எட்டில் நின்றுவிட்டது.

பே போனில் வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

"உன்னை மாத்திரை குடுக்கத்தானே கூட்டிட்டுப் போனாங்க? யூதப் பசங்களுக்கு நீ என்ன பூசாரியா?"

"ஒரு கதவு தட்டறதுக்குப் பூசாரி எதுக்கு?"

"நம்ம வீட்டுக் கதவையும் ஒரு நாள் வந்து தட்டு. பையன் தெனமும் பீட்ஸாவே தின்னுட்டு இருக்கான்."

அவரிடம் வேறொன்றைச் சொல்லவில்லை. என் அப்பா ஈரோட்டில் இறந்துபோனபோது கிரீன் கார்டு பாதி வழியில் இருந்தது, நாட்டை விட்டு நகர முடியாது. அண்ணன் எல்லாம் செய்தான். நான் பார்சிப்பனியில் நைட் ஷிஃப்ட்டுக்குப் போனேன். ஊருக்குப் போயிருந்தாலும், பெண் என்று என்னைச் சுடுகாடு வரை விட்டிருக்க மாட்டார்கள். அதைப் பற்றி அப்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. களைப்பு மட்டும்தான்.

மேற்கு டெக்சாஸில் ஒரு காலை. தார் இரவு முழுக்க ஆறாமல், விடியும்போதே செருப்பு வழியாகச் சுட்டது. எல்லாக் கதவையும் தட்டிவிட்டேன். அவளையும் சேர்த்து ஒன்பது பேர். பைஜாமாவில், பாதிக் கண்ணில். பத்தாவது ஆள் வரவே இல்லை. கார் நிறுத்துமிடத்தின் அந்தப் பக்கம் தொப்பிப் பையன்கள் முடித்துத் தோல்வாரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நான் நிக்கறேன்," என்றேன். எங்கள் ஊர்ப் புத்தி அது. சாவு வீட்டில் ஆள் குறைந்தால் தெருவில் போகிறவன்கூடப் பாடைக்குத் தோள் கொடுப்பான். சாதி சனம் கேட்கிறவர்களும் கேட்பார்கள்தான், ஆனால் தோள் தோள்தானே.

பைஜாமாக்களில் ஒன்று சிரித்தது. "நிக்கட்டுமே. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். பிறகு என் கையைத் தொட்டாள். "கோச்சுக்காதீங்க நர்ஸ். நீங்க தட்டறதே போதும்."

சொல்லிவிட்டு நேராக அந்தப் பக்கம் நடந்தாள். நியூஜெர்சிப் பையன் முன்னால் போய் நின்றாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஒரே ஒரு ஆள் குறையுது. நீ வந்து நில்லு. ரெண்டு நிமிஷம்."

"நிக்கலாம். ஆனா அது பத்து ஆகாது. எனக்கு அது பொய்யா இருக்கும்."

"எங்கப்பா செத்துட்டாரு. அது பொய் இல்லயே."

அவன் முகம் காது வரை சிவந்தது. பிடிவாதமா பயமா தெரியவில்லை. தோல்வாரை விரலில் சுற்றி, அவிழ்த்து, மறுபடி சுற்றினான். நகரவில்லை. அவள் திரும்பி வந்தாள். ஒன்பது பேரும் கலைந்து படுக்கைக்குப் போனார்கள்.

அன்றைக்கு பஸ்ஸில் ஏறும்போது யாரும் லாபம் என்று கத்தவில்லை. நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டேன்.

அதன் பிறகு பாலைவனம், மலை, காய்ந்த மஞ்சள் புல். பழகட்டும் என்று விட்ட பிள்ளைகள் பழகத்தான் செய்தார்கள்: சீட்டாட்டம், சண்டை, ஒரு காதல், ஒரு வாந்தி. இந்த ஒன்று மட்டும் பஸ்ஸின் நடு வழியில் வைத்த பெட்டி போல, எல்லாரும் தாண்டிப் போகிற பொருளாகவே கிடந்தது. நான் தட்டினேன். சில காலை பத்து, சில காலை இல்லை.

கடைசி இரவு சான்டா கிளாராவில். மறுநாள் அதிகாலை விமானங்கள் என்பதால் தட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். பெட்டிகளுக்கு நடுவே இருபது பேருக்கு மேல் அவளைச் சுற்றி நின்றார்கள். முதல் முறையாக அவள் அவசரமில்லாமல் சொன்னாள். ஆமென் கனமாக வந்தது. நியூஜெர்சித் தொப்பிப் பையன் வட்டத்துக்கு வெளியே, தன் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தான். காதில் விழும் தூரம்தான். அவன் உதடு அசைந்ததா என்று பார்த்தேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

விமான நிலையத்தில் அவளுடைய கேட்டுக்கு முதலில் அழைத்தார்கள். அவன் ஓடி வந்தான், மூச்சு வாங்க.

"உங்க ஊர்ல தினமும் பத்துப் பேர் சேருவாங்களா?"

"எங்க ஊர்ல மொத்தமே அவ்வளவு பேர்தான் இருப்பாங்க. அதுல பாதிப் பேருக்கு மூட்டு வலி."

"நான் எங்கப்பாவோட தினம் காலைல கோயிலுக்குப் போறேன். உங்கப்பா பேரு குடு. உனக்குப் பதிலா நான் சொல்றேன்."

நல்ல மனதோடுதான் கேட்டான். அவளும் அதை நல்ல மனதோடுதான் கேட்டுக்கொண்டாள். தோள் பையைச் சரி செய்தாள்.

"வேணாம். சொல்ல வேண்டியது நான். நீ ஆமென் சொல்றதுதான் எனக்கு வேணும்."

"நீ சொல்றது என் காதுல விழாதே. விழாம ஆமென் சொன்னா அது..." நிறுத்தினான். பின்னால் வரிசை நகர்ந்தது. டிக்கெட் சரிபார்க்கும் பெண் கையை நீட்டினாள்.

"எத்தனை மணிக்குச் சொல்லுவ?" என்றான்.

"ஏழு."

"உங்க ஊர் ஏழா, எங்க ஊர் ஏழா?"