ஜீப்பில் ஏறாத குழவி

எங்கள் பழைய ஜீப் சும்மா நிற்கும்போதே பின்பக்கம் தணிந்துதான் நிற்கும். அலங்காநல்லூர் வீடு பாகப்பிரிவினையில் பெரியப்பாவுக்குப் போய்விட, மதுரைக்குள் வாடகைக்குக் குடிபோன அன்று, அதன்மேல் பீரோ, கட்டில், அண்டா, ஆட்டுக்கல் எல்லாவற்றையும் அப்பா ஏற்றினார். ஒரே நடையில் போய்விட வேண்டும், மறுபடி அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்பது அவர் வைராக்கியம். என் பள்ளிப்படிப்பும் அந்த வாசலோடு நின்றது.

தெருமுனை தாண்டவில்லை. பின்சக்கரம் மட்கார்டில் உரசி ரப்பர் தீய்ந்த வாடை அடித்தது. திரும்பி வந்து, பெரியப்பா பார்க்கப் பார்க்கச் சாமான்களை இறக்கிவிட்டு, அப்பா சமயநல்லூர் மெக்கானிக்கிடம் போனார். நானும் தொற்றிக்கொண்டேன்.

மெக்கானிக்கோடு ஜீப்புக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வில்லாக வளைந்திருக்க வேண்டிய ஸ்பிரிங் பட்டைகள் பலகைபோல் நிமிர்ந்து கிடந்தன. ஒன்று உடைந்தே இருந்தது.

“எம்புட்டுண்ணே ஏத்துனீக?”

“வீட்ட.”

“ரெண்டு நடையாப் போயிருக்கலாம்ல?”

மெக்கானிக் உடைந்ததை மாற்றி, கூடுதலாகவும் பட்டைகள் சேர்த்துக் கட்டினார். “பாரத்தோட போனா தெரியாது. காலியாப் போனாத்தான் தூக்கித் தூக்கிப் போடும்ணே.”

பாரம் இல்லாதபோது ஏன் குதிக்க வேண்டும்? வழியெல்லாம் கேட்டேன். “வாய மூடிட்டு வா” என்றார் அப்பா.

மறுபடி ஏற்றினோம். அப்பாவும் அம்மாவும் ஜீப்புக்குள் பீரோவைச் சரித்துக்கொண்டிருக்க, நான் சக்கரத்துக்கு மேலே கையை நுழைத்து இடைவெளி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பெரியப்பா வந்தார். தரையில் கிடந்த ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி, துண்டால் துடைத்து, வீட்டுக்குள் கொண்டுபோனார். ஸ்பிரிங்குக்குப் பாரம் குறையட்டும் என்று செய்கிறார்போல என நினைத்துக்கொண்டேன். இந்த முறை சக்கரம் உரசவில்லை.

மதுரையில் மாவாட்ட உட்கார்ந்தபோதுதான் அம்மா குழவியைத் தேடினாள். பார்த்ததைச் சொன்னேன்.

“குழவி இல்லாத கல்ல வச்சு நான் என்னத்தச் செய்ய? போயி எடுத்துட்டு வாங்க.”

“அங்கனயே கெடக்கட்டும். அவரு தலைக்கு வச்சுப் படுக்கட்டும்.”

கொஞ்ச நாள் கடை மாவில் ஓடியது. பிறகு ஒரு காலை, யாரிடமும் சொல்லாமல் அப்பா காலி ஜீப்பை எடுத்தார். மெக்கானிக் சொன்னபடியே அது தெருவெல்லாம் குதித்துக்கொண்டு போனது.

பொழுது சாய வந்தார். வாய் நிறைய வெற்றிலை. குழவி மட்டும் வரவில்லை.

“அடுத்த வாரம் வந்து எடுத்துக்கன்னு அண்ணன் சொல்றாரு” என்றார்.

அம்மா திட்டப்போகிறாள் என்று முகத்தைப் பார்த்தேன். அவளோ கடையில் மாவு வாங்கிவரத் தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். ஒரு கல்லைத் தூக்கி ஜீப்பில் வைக்க ஒரு பகல் முழுக்க எப்படிப் போதாமல் போனது என்று யோசித்துக்கொண்டே போனேன்.