பெரிய பிடிலுக்கு ஒரு ஆமா

எங்கள் மில் கிளப்பில் ஒரு பியானோ கிடந்தது. வெள்ளைக்காரர்கள் இருந்தபோது வந்தது. அவர்கள் போன பிறகு அதைத் தொட ஆள் இல்லை. கரையான் ஏறாமல் இருக்க, அதன் ஒவ்வொரு காலுக்கும் அடியில் தகரக் கிண்ணம் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றியிருப்பார்கள். கிளப்பைக் கூட்டிப் பெருக்குகிறவள் எங்கள் சித்திதான். மேனேஜர் வீட்டுப் பூனை அந்தப் பியானோவுக்குள் குட்டி போட்டதையும் அவள் சொல்லித்தான் தெரியும். அது வேறு கதை, நான் சொல்ல வந்தது அதில்லை.

தாமிரபரணி மலையை விட்டு இறங்குகிற இடத்தில் மில். அதன் பின்னால் லைன் வீடுகள். அதில் ஒன்றில் நாங்கள். அப்பாவுக்குத் தறிக்கூடத்தில் வேலை. தறிக்கூடத்துக் கதவைத் திறந்தால் தகரக் கூரையில் அடைமழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். உள்ளே வாயால் பேச முடியாது, எல்லாம் கைஜாடைதான். அந்தப் பழக்கம் அப்பாவுக்கு வீட்டிலும் இருந்தது. சோறு போதும் என்றால் கையை விரிப்பார். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டை விரலைக் காட்டுவார்.

அந்த வருஷம் தறிக்கூடத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். வேலை போனால் லைன் வீடும் போகும். எதிர்வீட்டு மாமா ஒரு நாள் காலையில் பாய் தலையணையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சொந்த ஊரான களக்காட்டுக்குப் போனார். அவர்கள் வீட்டுக் கோழி மட்டும் பிடிபடாமல் எங்கள் கூரையிலேயே நின்றது. யாரை அனுப்புவது என்று மேலே சொல்கிறவர் மேஸ்திரி. எதை வைத்து ஆளைக் கழிக்கிறார் என்று எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்போதுதான் மேனேஜருடைய மனைவிக்குத் தெரிந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி, கன்னியாகுமரி போகிற வழியில் எங்கள் மில்லுக்கு வந்தார்கள். கிளப்பில் ஒரு சாயங்காலம் வாசிப்பார்கள் என்றும், தொழிலாளிகளும் குடும்பத்தோடு வந்து கேட்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். தறிக்கூடத்தில் யார் யார் வரவேண்டும் என்று மேஸ்திரி பெயர் சொன்னார். அதில் அப்பா பெயர் முதலில் இருந்தது.

அம்மா அதைக் கேட்டதும் ரசத்தை இறக்க மறந்தாள். பிறகு சித்தியிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"அங்கன வச்சு இவுகளப் பாக்கப்போறாரு, அந்த மேஸ்திரி."

எதைப் பார்க்கப்போகிறார் என்று அவள் சொல்லவில்லை. நானாக ஒன்றை நினைத்துக்கொண்டேன்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் ஊர்ச் சுடலை கோவில் திருவிழாவை, அதாவது கொடையைச் சொல்ல வேண்டும். கொடைக்கு வில்லுப்பாட்டு உண்டு. வில்லை அடித்துப் பாடுகிறவர் ஒரு வரி சொன்னால், பக்கத்தில் இருப்பவர்கள் "ஆமா" என்று பதில் போடுவார்கள். கூட்டத்தில் இருந்து அப்பாவும் போடுவார். அவர் ஆமா தனியாகத் தெரியும். சரியான இடத்தில் ஆணி இறங்குகிற மாதிரி இறங்கும். ஒரு தடவை பாடுகிறவரே கோலை நிறுத்திவிட்டு, "அண்ணாச்சி வந்துட்டாக. இனிமே கதைய இழுக்க முடியாதுவே" என்று சொல்ல, கூட்டமே சிரித்தது. ஆனால் அந்த வருஷக் கொடையில் அப்பா ஒரு ஆமாகூடப் போடவில்லை. வாயில் கொழுக்கட்டையா என்று பின்னால் இருந்து ஒருவர் கிண்டல் செய்தார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை பயத்தில் அடக்கமாக இருக்கிறார் என்று நினைத்தேன். கிளப்பிலும் இந்த அடக்கம் நிற்குமா என்பதுதான் என் கவலை. துரைமார் முன்னால் ஒரு ஆமா போட்டால் போச்சு, நாங்களும் பாயைச் சுருட்ட வேண்டியதுதான்.

புறப்படும்போது அம்மா என் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"எய்யா, அப்பா பக்கத்துலயே உக்காரு. எல்லாரும் கை தட்டுனா அவுக தொடையில ஒரு தட்டு தட்டு. யாராச்சும் பேச்சுக் குடுத்தா நீ முந்திப் பதில் சொல்லிரு."

பெரியவர்கள் பேச்சில் முந்தக் கூடாது என்று குட்டுகிறவளே இப்படிச் சொன்னாள்.

கிளப்பில் தரை முழுக்கப் பலகை. மண்ணெண்ணெய்க் கிண்ணங்களை எடுத்திருந்தார்கள், வாடை மட்டும் இருந்தது. ஆபீசர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். எங்களுக்கு ஓரமாக ஜமுக்காளம். அதிலும் இடமில்லாமல் நானும் அப்பாவும் வாசிக்கிறவருக்குப் பக்கத்தில் வெறும் பலகையில் உட்கார்ந்தோம். அம்மா பெண்களோடு பின்னால் இருந்தாள். மேஸ்திரி எங்களைப் பார்த்த மாதிரி தூணில் சாய்ந்து நின்றார்.

அந்த வெளிநாட்டுக்காரர் ஆள் உயரத்துக்கு ஒரு பிடிலைக் கொண்டுவந்து முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். அதன் பெயர் செல்லோ என்று இப்போது என் பேத்தி சொல்லித்தான் தெரியும். எங்களுக்கு அது பெரிய பிடில். அதன் அடியில் ஒரு இரும்புக் கம்பி. அதைப் பலகையில் அழுத்தி ஊன்றினார். அன்று காலையில்தான் அந்தப் பலகையைத் துடைத்து மினுக்கிய சித்தி, பின்னால் இருந்து "ச்சு" என்றாள். அவருடைய மனைவி பியானோ முன்னால் உட்கார்ந்தார்.

வாசிக்க ஆரம்பித்தார்கள். டைம் ஆபீஸ் கிளார்க் தொடையில் தாளம் போட்டுப் பார்த்தார். அது நழுவி நழுவிப் போக, கையை மடியில் வைத்துக்கொண்டார். ஆபீசர் வீட்டு அம்மாமார் போட்டோவுக்கு இருக்கிற மாதிரி இருந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர், இன்னும் சுதிதான் சேர்க்கிறார்களா என்று என்னிடம் கேட்டார். ஒரு இடத்தில் வாசிப்பு நின்றது. நாற்காலியில் இரண்டு பேர் கை தட்டினார்கள். நான் அப்பா தொடையைத் தட்டினேன். அதற்குள் மேனேஜருடைய மனைவி, இன்னும் முடியவில்லை என்று தலையை ஆட்ட, எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். அப்பாவின் கைத்தட்டல் மட்டும் தனியாகக் கேட்டது. மேஸ்திரி தூணை விட்டு நிமிர்ந்தார்.

அடுத்தது பைய வாசிக்கிற பாட்டு. பெரிய பிடில் அடித்தொண்டையில் ஒன்று சொல்லும், வில் நிற்கும். பியானோ மேலே இருந்து சன்னமாகப் பதில் சொல்லும். மறுபடியும் பிடில், மறுபடியும் பதில். அப்பா வலது உள்ளங்கையை, அதிர்கிற பலகையில் பதித்து வைத்தார். எழுந்திருக்கப் போகிறாரோ என்று பயந்தேன். எழுந்திருக்கவில்லை. கண் அந்த வில்லையே பார்த்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் தலை ஆட ஆரம்பித்தது. அது கொடையில் ஆடுகிற ஆட்டம். அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும்.

தடுக்கவும் முடியவில்லை. தொட்டால் கை தட்டிவிடுவார். கையைப் பிடிக்கப் போய் இழுத்துக்கொண்டேன். 

பெரிய பிடில் ஒரு நீளமான சொல்லைச் சொல்லி நின்றது. வில் மேலே தூக்கினபடி இருந்தது. பியானோ தண்ணீர் சொட்டுகிற மாதிரி பதிலை ஆரம்பித்தது.

"ஆமா" என்றார் அப்பா.

கொடையில் போடுகிற அதே ஆமா. அதைவிடச் சத்தமாகவே இருந்தது. நாற்காலிகள் கிரீச்சிட்டுத் திரும்பின. எங்கோ ஒரு பையன் சிரித்தான். வாசிக்கிறவர் வில்லுக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, தலையை லேசாகத் தாழ்த்திவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார். அதற்கு மேல் வாசித்தது எதுவும் என் காதில் ஏறவில்லை. வண்டியில் கோழியை எப்படி ஏற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்து வாசலுக்கு வந்தபோது, மேஸ்திரி எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்தார்.

"என்னவே, வெள்ளக்காரனுக்கே ஆமா போடுதீரு?"

அப்பா வேட்டியில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். நான் முந்தினேன். "அப்பாவுக்குப் பாட்டு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, அண்ணாச்சி" என்றேன்.

மேஸ்திரி தாடையைச் சொறிந்தார். பக்கத்தில் வந்த கிளார்க்கிடம் சொன்னார்.

"இவருக்கா காது கேக்கலன்னு சொல்லுதானுவ? எந்தப் பய சொன்னது? அம்புட்டுப் பேருல இவரு ஒருத்தருதாம்வே கேட்டாரு."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா படியில் உட்கார்ந்து, இல்லாத முள்ளைப் பாதத்தில் தேடினாள். நான் வசவுக்காகக் காத்து நின்றேன். அவள் என் தலையில் கையை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

லைன் வீட்டுக்கு நடக்கும்போது அப்பா பேச ஆரம்பித்தார். அத்தனை பேச்சு அவர் பேசி நாளாகியிருந்தது.

"பாவம்லே அந்த மனுசன். அம்புட்டு நேரமாச் சொல்லிக்கிட்டே இருக்கான், பதிலுக்கு நிக்குதான். ஒருத்தனும் ஒரு ஆமா போடல. அந்தப் பொம்பள சும்மா வெரல ஆட்டிக்கிட்டு இருக்கா. எனக்குத்தான் பொறுக்கல."

அந்த அம்மா பியானோ வாசித்ததைத்தான் இப்படிக் கேலி செய்கிறார் என்று நினைத்து, நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பள்ளிக்கூடத்திலும் வாய்க்கால் கரையிலும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். என் அப்பாவைப் போல ஒரு தமாஷ்காரர் லைன் வீட்டிலேயே கிடையாது என்று பெருமை பேசினேன்.

அன்று வழியில் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, அவர் முகத்துக்கு நேராக, உதடு நன்றாகத் தெரியும்படி, "ஆமா" என்றாள்.