அக்கா செய்த தறி விளக்கு

அப்பா நெய்துகொண்டிருந்த கல்யாணப் புடவை ஒரு சாண் நீளத்துக்கு நிறம் மாறிப்போனபோது எனக்கு ஒன்பது வயது. தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போய்க்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தறி அறையோ பட்டப்பகலிலேயே இருட்டு. உடலுக்கு அரக்கு, முந்திக்கு மாதுளை என்று ஊடை நூல் சுற்றிய தார்கள் ஒரே கூடையில் கிடந்தன. எமர்ஜென்சி விளக்கு மங்கிக்கொண்டே வந்ததில், அப்பா மாதுளைத் தாரைத் தறியில் ஓடும் நாடாவில் போட்டு நெய்துவிட்டார். கரண்ட் வந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். இழை இழையாகப் பிரித்தெடுக்க ஒன்றரை நாள் ஆயிற்று. இன்னொரு முறை இப்படி நடந்தால் நெய்வதற்கு அடுத்த பாவு நூல் கிடையாது என்று முதலாளி சொல்லி அனுப்பினார்.

"மங்கலா எரியறது தெரியலையாப்பா?" என்று கேட்டாள் அக்கா. அவள் அப்போது பாலிடெக்னிக் இரண்டாம் வருடம்.

"நல்லாத்தாம்மா தெரிஞ்சிக்கினு இருந்துச்சு. தெரியலைன்னா நெய்வேனா?"

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக மங்கினால் கண்ணும் கூடவே பழகிக்கொண்டுவிடும். முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவாக எரிகிற விளக்கு வேண்டும். ஆறு வோல்ட் பேட்டரி எமர்ஜென்சியிலேயே இருந்தது. எல்இடிகளும் கிடைத்துவிட்டன. வெளிச்சத்தை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் மட்டும் பாக்கி.

அக்கா எலக்ட்ரானிக்ஸ் கடைக்குக் கிளம்ப, சைக்கிளின் பின்னால் நானும் தொற்றிக்கொண்டு போனேன். கடைக்காரர் கேள்வியே கேட்காமல் மூன்று கால் வைத்த கறுப்புப் பூச்சி ஒன்றை எடுத்து நீட்டினார். எல்லாரும் வாங்குவது அதுதானாம். வீட்டில் மாட்டிப் பார்த்தால் எமர்ஜென்சியே மேல் என்று இருந்தது. அக்கா மீட்டரை வைத்து அளந்தாள், நோட்டில் எழுதினாள், மறுபடி சைக்கிளை எடுத்தாள்.

"அண்ணா, இதுக்கு ஏழு வோல்ட் குடுத்தாதான் அஞ்சு தருது. என் பேட்டரியே ஆறுதான். அஞ்சரை குடுத்தாலே அஞ்சு தர்ற மாதிரி ஒண்ணு வேணும்."

கடைக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டில் தேடி எடுத்துக் கொடுத்தார். அதுவும் அதே மூன்று கால் கறுப்புப் பூச்சிதான். ஆனால் அவர் அக்காவை 'வாங்க' என்று கூப்பிட ஆரம்பித்தது அன்றிலிருந்துதான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

புது விளக்கின் வெளிச்சத்தில் அரக்கு அரக்காகவும் மாதுளை மாதுளையாகவும் தெரிந்தன. புடவை முகூர்த்தத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. அடுத்த பாவும் வந்தது. அப்பாவுக்கு ஒரே ஒரு குறைதான். பேட்டரி இறங்கினால் விளக்கு மங்காது, பட்டென்று அணைந்துவிடும். அதற்கென்று அக்கா தனியாக ஏதோ சேர்த்திருந்தாள்.

"பழசுன்னா மினுக்கு மினுக்குன்னாவது எரியும்மா. இது மொத்தமா கைய விரிக்குது" என்று புலம்புவார்.

போன பொங்கலுக்கு வீட்டை ஒழித்தபோது அந்த விளக்கு கிடைத்தது. இப்போது எனக்கும் மீட்டர் பிடிக்கத் தெரியும். புது பேட்டரி போட்டுப் பார்த்தேன்; முழுசாகச் சார்ஜ் ஏறினால் ஆறு வோல்ட் பேட்டரி ஆறரைக்குக் கிட்டக் காட்டும். ஐந்தரை வோல்ட் வரை தாங்கக்கூடிய விளக்கை ஆறு வோல்ட்டிலேயே அணையும்படி வைத்திருந்தாள் அக்கா. இன்னும் முக்கால் மணி நேரம் எரிந்திருக்கும்.

அன்று அது எனக்கு எங்கே தெரியும்? விளக்கு அணைந்தால் அப்பா முணுமுணுத்துக்கொண்டே தறிக்குழியை விட்டு எழுந்து வருவார். வாசலில் எங்களோடு உட்கார்ந்து, கண்ணைக் கசக்கிவிட்டுக்கொண்டு, கரண்ட் வரும்வரை தாயம் ஆடுவார். அக்கா எதுவும் தெரியாதவள்போலக் கட்டையை உருட்டுவாள். அவ்வளவு கெட்டிக்காரியான என் அக்கா எங்கேயோ ஒரு கணக்கில் கோட்டை விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். அதை அவள் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடக் கூடாது என்று வெள்ளிக்கிழமைதோறும் காமாட்சியம்மனை வேண்டிக்கொண்டேன்.