தேருக்கு மாறிய என் தம்பி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும், நண்பர்களுக்கும், மார்க்கெட் சொந்தங்களுக்கும் மூத்தவனின் வணக்கம். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனால் எனக்கு எழுத வராது என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்கி, அதே மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்து, புதுச்சேரி சாரம் பகுதியில் மாடி மேல் மாடி கட்டியவன் நான். சொந்தத் தம்பியைப் பற்றி எழுத எனக்கு வேறு ஆள் தேவையில்லை. வீட்டில் அவரை வாடா, போடா என்றுதான் அழைத்தேன். மலரில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று என் மகள் சொல்கிறாள். அப்படியே எழுதுகிறேன்.

தம்பி உழவர்கரையில் பிறந்தார். எங்கள் தகப்பனார் சொல்தா. வெளியூர்ச் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். பென்ஷன் வரும் அளவுக்கு அவருடைய சேவையும் நீளவில்லை, ஆயுளும் நீளவில்லை. பிள்ளைகளுக்கு அவர் விட்டுப் போனது பிரெஞ்சு நேஷனாலிட்டி ஒன்றுதான். அம்மா மில்லுக்குப் போனார், நான் மார்க்கெட்டுக்குப் போனேன், தம்பி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். எனக்கும் அந்தப் பாஸ்போர்ட் உண்டு. நீ ஏன் பிரான்சுக்குப் போகவில்லை என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். நான் போயிருந்தால் தம்பி போயிருக்க முடியாது, அவ்வளவுதான்.

தம்பி போய்க் கடற்படையில் சேர்ந்தார். எங்கள் பேச்சில் அது மரின். கப்பலில் நிற்கும் ஹெலிகாப்டருக்கு அவர் மெக்கானிக். வேலையில் கெட்டிக்காரர் என்பதால் சீக்கிரமே தோளில் கோடு ஏறியது. அந்தக் கோட்டுக்குக் கலோன் என்று பெயர். கலோன் ஏறிய மாப்பிள்ளை என்றால் எங்கள் ஊரில் பெண் வீட்டார் தேடி வருவார்கள். அப்படி ஓய்வுபெற்ற சொல்தா ஒருவரின் மகளுக்கும் தம்பிக்கும் நிச்சயம் ஆனது.

அதற்குப் பிறகுதான் அந்தப் போன் வந்தது. மண்டியில் லாரி இறக்கும் நேரம், ஒரே சத்தம்.

"அண்ணே, பைலட் ட்ரெயினிங் கெடச்சிடுச்சு! மரின விட்டுட்டு தேருக்கு மாறிட்டேன்!"

"எதுக்குடா மாறிட்ட?"

"தேருக்குண்ணே, தேருக்கு!"

லைன் அறுந்துவிட்டது. தேர் எனக்குத் தெரியாததா? வில்லியனூரில் வருஷா வருஷம் பார்க்கிறேன். பைலட் என்கிறார், தேர் என்கிறார், அப்படியென்றால் ஆகாயத்தில் போகும் தேர். பிரெஞ்சுக்காரன் தன்னுடைய ஹெலிகாப்டர் படைக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். மார்க்கெட்டில் மீன் பக்கம், பூ பக்கம் ஒரு கடை விடாமல் சொன்னேன். சாயங்காலமே பழத்தட்டோடு பெண் வீட்டுக்குப் போய், "மாமா, தம்பி தேர்ப்படைக்கு மாறிட்டான்" என்றேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னாது, தேர்ப்படையா? ஏம்பா, பிரெஞ்சுல தேர்னா மண்ணு. மரின்னா கடலு, தேர்னா தரை. தரைப்படை! நான் காலம்பூரா இருந்தது அதுலதான். எங்க ரெஜிமான்ல எல்லாரும் நடந்துதான் போனோம். அங்க ஏது ஹெலிகாப்டர்?"

"பைலட்னு சொன்னானே, மாமா."

"சொல்லுவான். கப்பல்ல கலோனோட இருந்தவன மண்ணுல எறக்கி வுட்டாங்கன்னா இன்னா அர்த்தம்? ஏதோ தப்பு பண்ணிருக்கான். விசாரிச்சி முடிக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்."

பழத்தட்டு அப்படியே திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் தம்பியை நானே போனில் பிடித்தேன்.

"நெஞ்சத் தொட்டுச் சொல்லு. உன்ன எறக்கிட்டாங்களா?"

"இல்லண்ணே. நானே எழுதிக் குடுத்துதான் மாறுனேன். மரின்ல பைலட் ஆவணும்னா ஆபீசரா சேந்திருக்கணும். தரைப்படையில என்ன மாதிரி ஆளையும் ஹெலிகாப்டர் ஓட்ட எடுக்கறாங்க. வயசு தாண்டறதுக்குள்ள போனாதான் உண்டு."

"கலோனு?"

"போயிடும். கீழேருந்து ஆரம்பிக்கணும்."

"தேறலன்னா திரும்ப மரினுக்குப் போயிடலாம் இல்ல?"

"முடியாதுண்ணே. அந்தக் கதவ நானே சாத்திட்டேன்." பிறகு சொன்னார்: "இத்தன வருஷமா அந்த மெஷினத் தொடச்சி, எண்ண போட்டு, கதவச் சாத்தி அனுப்பறேன். அது ஏறிப் போவுது. நான் மூஞ்சில காத்து வாங்கிக்கினு கீழ நிக்கறேன். அந்தப் பொண்ணக் காக்க வெக்காத. வேற எடம் பாக்கச் சொல்லிடு."

கையில் இருந்த வேலை, தோளில் இருந்த கலோன், பேசி முடித்த பெண், மூன்றையும் ஒரே நேரத்தில் கீழே வைத்துவிட்டார் தம்பி. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நான் கைவண்டியை விற்று மண்டி பிடித்தபோது ஊரே என்னைப் பைத்தியம் என்றது. அதே ரத்தம்தானே அவருக்கும்?

மறுபடி பெண் வீட்டுக்குப் போனேன். இந்த முறை பழத்தட்டு இல்லை. "தண்டன இல்ல மாமா, அவனே கேட்டு வாங்குனது. தேறுவானா தெரியாது. தேறலன்னா அவன் கையில ஒண்ணும் இருக்காது. உங்க பொண்ணுக்கு வேற எடம் பாக்கச் சொல்றான்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"தரைப்படையில பறக்கறானாம்! நான் பாக்காத தரைப்படையா?" என்றார் பெரியவர்.

உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. பெண் வாசல்படி வரை வந்தார்.

"அப்பா, நீங்க நடந்து போனீங்கன்னா எல்லாரும் நடந்தேதான் போவணுமா?"

பெண் என்னைப் பார்த்து, "தேறட்டும், தேறாம வரட்டும், நான் இருக்கேன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். முறம் மறுபடி சத்தம் போட்டது. அவர்தான் என் தம்பி மனைவி.

ட்ரெயினிங் லேசாக இல்லை. முதல் பரீட்சையில் ரேடியோவில் தம்பி பேசிய பிரெஞ்சு புரியவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். இன்னொரு முறை கொடுப்போம், அதோடு சரி என்றார்கள். வயதில் இளையவர்களோடு உட்கார்ந்து, கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பேசி நாக்கைத் திருப்பினார். தேறினார். சட்டையில் பைலட் சின்னத்தோடு லீவில் வந்தபோது பெரியவரே வண்டி பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"ஏம்பா, நீ ஏறி ஓட்டிக்கினு போனா இப்போ கீழ நிக்கறது யாரு?" என்று வம்புக்குக் கேட்டார்.

"என்ன மாதிரி ஒருத்தன், மாமா. அவன் கையக் குலுக்காம நான் ஏற மாட்டேன்."

அந்தப் பழக்கத்தை ஓய்வுபெறும் வரை தம்பி விடவில்லை என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பாலைவன தேசங்களில் அடிபட்ட சிப்பாய்களை மணல் காற்றுக்குள் புகுந்து தூக்கி வந்தவர். அதைப் பற்றிக் கேட்டால், "மெஷின் நல்ல மெஷின்" என்பார். நானாக இருந்தால் ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன். அவருக்காக நானே சொல்லிவிட்டேன். மார்க்கெட்டில் அதற்குள் அவர் பெயரே 'தேர்க்காரர்' என்று ஆகியிருந்தது. என்னை 'தேர்க்காரர் அண்ணன்' என்றார்கள். மண்டிக்கு நான் வைத்த பெயர்ப் பலகையை யாரும் படிப்பதில்லை.

ஓய்வுக்குப் பிறகு சாரத்துக்கே வந்து, என் வீட்டு மேல்மாடியில் மனைவியோடு குடியிருந்தார். அவர்களுடைய மகள் பிரான்சில் இருக்கிறாள். நுரையீரலில் நோய் என்று டாக்டர் சொன்னபோதும் சிரித்த முகம் மாறவில்லை. கடைசி வாரம் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அண்ணே, நீ கைய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்ட. தேரு கீருன்னு அலங்காரம் பண்ணிடாத. நேரா மண்ணுல வெச்சிடு."

"பண்ணுவேன்டா. இன்னா செய்வ?"

"இன்னா செய்றது, படுத்துக்கினு வரேன்."

அவரைக் கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் நர்சம்மாக்களுக்கும், வீட்டுக்கு வந்து நற்கருணை கொடுத்த பங்குச் சாமியாருக்கும், கொடி பிடித்து வந்த சொல்தா பெரியவர்களுக்கும், கடையைச் சாத்திவிட்டு வந்த மார்க்கெட் மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் பக்கத்தை விட்டு நகராத தம்பி மனைவிக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் போதாது. அன்றைக்கு அவர் சொன்ன ஒரு வார்த்தையில்தான் என் தம்பி பறந்தார்.

அவரைக் கொண்டுபோகும் வண்டியின் மேல் முழுக்கச் சம்பங்கியால் தேர் கட்டினேன். வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லி, மூட்டை தூக்கும் ஆட்கள் கல்லறைத் தோட்டம் வரை கையாலேயே இழுத்து வந்தார்கள். நான் முன்னால் நடந்தேன். குழிக்குள் இறக்கும் முன்னால் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினேன். கீழே நிற்கிறவன் நான்தானே.

என் மகள் கோபித்துக்கொண்டாலும் கடைசி வரியை என் பேச்சிலேயே எழுதுகிறேன். நான் காதில் வாங்கியதும் சரி, நீ சொன்னதும் சரிடா. தேரில்தான் போன, மண்ணில்தான் இருக்கற.