கம்பளிகளை எண்ணிய முறை

குடியிருப்பு நிலை பற்றிய ஆய்வுக்குழு எங்கள் பகுதிக்கு வருவதற்கு முன்பே நான் அறியப்பட்டவன். என் தந்தையார் நோர்வூட்டுக்கு அருகே ஒரு தோட்டத்தின் பெரிய கங்காணி. கண்டியில் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்து, ஆங்கிலத்தில் சிறப்புத் தேர்ச்சி பெற்றுத் திரும்பியவன் நான். சப்பாத்து அணிந்து தேயிலை மலையில் நடந்தாலும் யாரும் சிரிக்கத் துணியாத தமிழ் இளைஞன் அந்த வட்டாரத்தில் நான் ஒருவனே. ஆகவே, அந்தக் குழுதான் எனக்கு வாழ்வு தந்தது என்று சிலர் இப்போது பேசுவது பொருந்தாது. வழிகாட்டவும் மொழிபெயர்க்கவும் குழுவுக்குத்தான் நான் தேவைப்பட்டேன்.

தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிய பிரஜாவுரிமைச் சட்டத்தை அடுத்து வந்த ஆண்டுகள் அவை. கையில் தாளுடன் யார் வந்தாலும் மக்கள் வாயை மூடிக்கொள்வார்கள். குழுவின் தலைவர் கொழும்புக்காரர், லண்டனில் பொருளாதாரம் படித்தவர். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில், காம்பரா எனப்படும் ஒற்றை அறைக்குள் நுழையும்போது கைக்குட்டையை மூக்கருகே வைத்துக்கொள்வார். வெளியே வந்ததும் அதற்காக என்னிடம் மன்னிப்புக் கேட்பார். மற்ற இருவரும் பல்கலைக்கழகத்திலிருந்து நேரே வந்தவர்கள். அரசுக்குக் கொள்கை வகுத்துக் கொடுக்கப் புறப்பட்ட எங்களில் ஒருவரும் பத்தடிக் காம்பராவில் படுத்து எழுந்தவர் அல்லர். என்னையும் சேர்த்தே சொல்கிறேன். என் தந்தையாரின் வீடு தனி வீடு, ஓடு வேய்ந்தது.

ஒரு காம்பராவில் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்பதே எங்கள் முதற்கேள்வி. உண்மையான எண்ணிக்கை கொழும்புக்குப் போனால் குடும்பத்துக்கு இரண்டு காம்பரா என்று சட்டம் வரும் எனத் தலைவர் நம்பினார். ஆனால் தோட்டத்தில் பெயர் பதியாத எவரையும் லயத்தில் தங்கவைக்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் விதி. அதனால் கேட்ட இடமெல்லாம் பதிவேட்டில் உள்ள பெயர்களை மட்டுமே ஒப்பித்தார்கள். மூன்று நாட்கள் இப்படியே வீணாயின.

நான்காம் நாள் முறையைக் கண்டுபிடித்தவன் நான். எங்கள் மலையில் கம்பளி இல்லாமல் உறங்க முடியாது. பெரியவருக்கு முழுக் கம்பளி, பிள்ளைக்கு இரண்டாக வெட்டியதில் ஒரு பாதி. வெயில் வந்த காலையில் அவற்றை லயத்தின் முன் வேலியில் உலர்த்துவார்கள். பெயரை மறைக்க நினைத்தவர்களுக்குக் கம்பளியை மறைக்கத் தோன்றவில்லை.

கடைசிக் காம்பராவில் இருந்த கொழுந்தெடுக்கும் பெண் நான்கு பெயர் சொன்னாள்: தான், கணவன், இரண்டு பிள்ளைகள். வேலியில் நான்கு முழுக் கம்பளிகளும் ஐந்து பாதிகளும் கிடந்தன. இரண்டு முழுக் கம்பளிகளின் கரை வேறு நிறம்; வேறு தோட்டத்தில் கொடுத்தவை. நான் விரல் நீட்டி எண்ணுவதைப் பக்கத்துக் காம்பராக்காரி பார்த்துவிட்டாள்.

“என்னாங்க சின்னய்யா, எங்க கம்பளிய ஏலத்துல போடப் போறீங்களா?” என்றாள். லயமே சிரித்தது. கொழுந்தெடுக்கும் பெண் மட்டும் சிரிக்கவில்லை.

என்னை உள்ளே அழைத்து மெல்லச் சொன்னாள்: “எங்க அண்ணங்க. வேலை நிறுத்தத்துல நின்னாருன்னு அந்தத் தோட்டத்துல பத்துச்சீட்டு குடுத்து வெரட்டிட்டாங்க. மூணு புள்ளைங்க. அண்ணிக்கு ஏழு மாசம். வேற எந்தத் தோட்டத்துலயும் சேக்க மாட்டேங்குறாங்க. கங்காணி ஐயா மகன்னுதான் ஒங்ககிட்ட சொல்றேன். தொரைக்குத் தெரிஞ்சா அவுங்க ரோட்டுலதாங்க.”

“இந்தத் தாள் கொழும்புக்குத்தான் போகும்” என்றேன். ஒன்பது என்று எழுதினேன்.

அன்று மாலை, தோட்டத்தை நிர்வகிக்கும் துரை எங்கள் குழுவைப் பங்களாப் புல்வெளிக்குத் தேநீருக்கு அழைத்தார். என் தந்தையார் முப்பது ஆண்டுகள் தலைப்பாகையைக் கையில் பிடித்து நின்ற புல்வெளி அது. எனக்கு நாற்காலி போட்டார்கள். தலைவர் என் முறையைப் புகழ்ந்தார். துரை உரக்கச் சிரித்து, இத்தனை ஆண்டுகள் இங்கே இருந்தும் தமக்கு இது தெரியாமல் போயிற்றே என்றார். ஓர் உதாரணம் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் எழுந்து நின்று, பிழையற்ற ஆங்கிலத்தில், லயத்தின் எண்ணையும் காம்பராவின் எண்ணையும் கம்பளிகளின் கரை நிறத்தையும் சொன்னேன். பெயர் எதையும் சொல்லவில்லை. தலைவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார், என்னைத் தடுக்கவில்லை.

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை அவளை முன்னால் கூப்பிட்டார்.

“என்னா புள்ள, ஒன் காம்பராவுல கம்பளி குட்டி போடுதாமே?”

கூட்டம் சிரித்தது.

“விருந்தாளிங்க ஐயா.”

“மூணு மாச விருந்தாளியா? பொழுது சாயறதுக்குள்ள அஞ்சு பேரும் தோட்டத்த விட்டுப் போயிரணும். இல்லேன்னா ஒன் புருசனுக்கும் சீட்டுத்தான்.”

அவள் கூடையுடன் நேரே என்னிடம் வந்தாள். “கொழும்புக்குத்தான் போகும்னீங்களே ஐயா?”

“தாள் கொழும்புக்குத்தான் போகும்” என்றேன். நான் சொன்னது உண்மை. தாள் கொழும்புக்குத்தான் போயிற்று.

அவளுடைய அண்ணன் குடும்பம் வலப்பனைப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். இரண்டு நாட்களின் பின் தலைவர் அந்தக் காம்பராவை மீண்டும் சரிபார்க்கச் சொன்னார். ஆய்வு முடியும் நாளின் நிலையே அறிக்கைக்கு உரியது என்பது அவர் கொள்கை. வேலியில் இரண்டு முழுக் கம்பளிகளும் இரண்டு பாதிகளும் இருந்தன; மற்ற வேலிகளிலும் அதற்குள் கூடுதல் கம்பளிகள் மறைந்திருந்தன. ஒன்பதை அடித்து நான்கு என்று எழுதி, பக்கத்தில் ஒப்பமிட்டேன். அச்சாகி வந்த அறிக்கை, அந்தத் தோட்டத்தில் நெருக்கடி இல்லை, புதிய லயங்கள் அவசியமில்லை என்றது. கம்பளி முறைக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்கியிருந்தார்கள். அதைக் கண்டவன் யார் என்பதற்கு ஒரு சொல்லும் இல்லை. அந்த அவமதிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஹட்டன் பஸ் நிலையத்தில் அவள் என்னை அடையாளம் கண்டாள். நான் நகர்ந்து செல்லுமுன் எதிரே வந்து நின்றாள்.

“அண்ணிக்குப் போற வழியிலயே புள்ள பொறந்துச்சுங்க. ரோட்டோரம் ஒரு நாதான் உசுரோட இருந்துச்சு. அதையும் எழுதிக்கிட்டீங்களா சின்னய்யா?”

பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லோரும் கேட்கும்படி கேட்டாள். என் பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

தொழிற்சங்க மேடைகளில் இந்தக் கதை இப்போது வேறுவிதமாகச் சொல்லப்படுகிறது. அந்தக் குடும்பம் கொட்டும் மழையில் துரத்தப்பட்டது என்கிறார்கள். அன்று மழை இல்லை. தாளைத் துரையிடம் நான் கொடுத்தேன் என்கிறார்கள். தாள் என் பையிலேயே இருந்தது. அந்தக் காம்பராவில் பத்து உயிர்கள் இருந்தன என்கிறார்கள். அது தவறு. இருந்தவர்கள் ஒன்பது பேர். பிறவாத பிள்ளையை எண்ணும் வழக்கம் எங்கள் குழுவில் இருக்கவில்லை.